யாரையும் தெரியாத பிள்ளைக்கும் உங்கள் ஆய்வகத்தில் இடம் வேண்டும்

தமிழ்நாட்டில் இயங்கும் அறிவியல், தொழில்நுட்ப ஆய்வு நிறுவனங்களின் இயக்குநர்களுக்கும், பல்கலைக்கழக அறிவியல் துறைகளின் தலைவர்களுக்கும்,

உங்களில் ஒரு நிறுவனம் இந்த ஆண்டுக்கான கோடைக்கால இன்டர்ன்ஷிப் அறிவிப்பை வெளியிட்டிருக்கிறது. அதில் பள்ளி மாணவர்களுக்கென்று முதன்முறையாக ஒரு பத்தி இருக்கிறது. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த நிறுவனத்தில் பணிபுரியும் விஞ்ஞானி ஒருவரின் பரிந்துரைக் கடிதம் கட்டாயம். பயிற்சிக் கட்டணம் தனி. தங்குமிடம் அவரவர் பொறுப்பு. இதை ஏற்க முடியாது என்று சொல்லத்தான் இந்த மடல்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஓர் இடத்தோடு முடிகிற விஷயமாக இருந்தால் அவர்களுக்கே எழுதியிருப்பேன். இதே நடைமுறை வேறு பல இடங்களிலும் எழுதாத விதியாக இருந்துவருகிறது. இப்போது ஓரிடத்தில் எழுத்தில் வந்துவிட்டது. மற்றவர்களும் இதைப் பார்த்து எடுத்து எழுதிக்கொள்வதற்கு முன்னால் உங்கள் எல்லோரிடமும் பேசிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

நான் ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் அப்பா, அம்மா மீன்பிடிக்கிறவர்கள், உப்பளத்துக்குப் போகிறவர்கள், சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள், பனையேறுகிறவர்கள். சிலருடைய அப்பா வளைகுடா நாடுகளில் இருக்கிறார். இவர்களில் ஒருவருக்கும் ஒரு விஞ்ஞானியைத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் கிடையாது. பரிந்துரைக் கடிதம் கேட்கும் அந்த ஒரு வரி என் வகுப்பு முழுவதையும் ஒரே வீச்சில் வெளியே நிறுத்திவிடுகிறது.

என் மாணவி ஒருத்தியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் யாரை வெளியே நிறுத்துகிறீர்கள் என்பது தெரிய வேண்டும் அல்லவா.

எங்கள் பக்கம் நிலத்தடி நீர் உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாட்களில் பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு ஊற்று தேடிப் போவார்கள். மணலைத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். அம்மாவோடு போய்வந்த இந்தப் பெண் பத்தாம் வகுப்பில் இருக்கும்போது கேட்டாள்: "டீச்சர், பக்கத்துல பக்கத்துல தோண்டின ரெண்டு ஊத்துல ஒண்ணு இனிக்குது, ஒண்ணு கரிக்குது. ஏன்?"

எனக்கும் சரியாகத் தெரியவில்லை. பள்ளியில் இருந்த மலிவான டி.டி.எஸ். மீட்டர் ஒன்றைக் கையில் கொடுத்தேன். தடிமனான பேனா மாதிரி இருக்கும்; முனையைத் தண்ணீரில் நனைத்தால் கரைந்திருக்கும் உப்பின் அளவு எண்ணாக வரும். ஊரிலும் சுற்றுப்பட்டிலும் இருக்கிற கிணறு, ஊற்று, கைப்பம்பு எல்லாவற்றையும் அளந்து ஒரு 80 பக்க நோட்டில் எழுத ஆரம்பித்தாள். குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் ஆதாரமே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரையறை. 2,000-ஐத் தாண்டிய இடங்களைச் சுற்றி அவள் நோட்டில் சிவப்பு வட்டங்கள் விழுந்தன.

சில வாரம் கழித்து நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். ஒரே கிணறு, ஒரே நாள். காலையில் ஓர் அளவு, மதியம் அதைவிடக் கூடுதல். மதியத்துக்குள் கிணற்றில் உப்பு கூடிவிடுமா? அவளே ஒரு சோதனை செய்து பார்த்திருந்தாள். ஒரே வாளித் தண்ணீரை இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒன்றை வெயிலிலும் ஒன்றைத் திண்ணை நிழலிலும் வைத்து அளந்திருக்கிறாள். வெயிலில் இருந்தது கூடுதலாகக் காட்டியது. உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த மீட்டர் நேரடியாக அளப்பது தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனை. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் அது சுமார் 2 சதவீதம் ஏறும். அதைத் தானாகவே சரிசெய்துகொள்ளும் வசதி உண்டு என்று மீட்டர் வந்த அட்டைப் பெட்டியில் அச்சடித்திருந்தது. அது ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று ஒரு பதினைந்து வயதுப் பெண் இரண்டு டம்ளரை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள். அதுவரை எழுதிய அளவுகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துவந்து, வகுப்பறை நிழலில் வைத்து, வெப்பமானியைப் போட்டுப் பார்த்து, எல்லாம் ஒரே வெப்பநிலைக்கு வந்தபிறகு மறுபடியும் முதலிலிருந்து அளந்தாள். நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுப் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருந்தாள். அதன் தலைப்பு: "தண்ணி சூடு".

கருவி காட்டும் எண்ணைச் சந்தேகிக்க ஒரு மாணவரைப் பழக்குவதற்கு உங்கள் ஆய்வகங்களில் எவ்வளவு காலம் பிடிக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

அடுத்த கேள்வி தானாக வந்தது. இந்த உப்பு கடலிலிருந்து உள்ளே புகுந்ததா, மண்ணிலேயே இருந்ததா? கடல்நீரில் குளோரைடுக்கும் புரோமைடுக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய மாறாதது. கிணற்று நீரின் விகிதத்தை அதோடு வைத்துப் பார்த்தால் உப்பு வந்த வழிக்கு ஒரு துப்பு கிடைக்கும். குளோரைடை எங்கள் பள்ளி ஆய்வகத்திலேயே சில்வர் நைட்ரேட்டை வைத்து டைட்ரேஷன் செய்து பார்க்கலாம், பார்த்தோம். புரோமைடு மிகக் குறைந்த அளவில்தான் இருக்கும். அதை அளக்க, தண்ணீரில் கரைந்திருக்கும் அயனிகளைப் பிரித்து அளக்கும் அயனி குரோமட்டோகிராஃப் கருவி வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது.

குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் மாவட்ட அளவில் இந்த ஆய்வை அவள் வாசித்தபோது நடுவராக வந்திருந்த பேராசிரியர் ஒருவர்தான், "இந்தப் பொண்ணை ஒரு நல்ல லேபுக்கு இன்டர்ன்ஷிப் அனுப்புங்க டீச்சர்" என்றார். அப்படித்தான் சென்ற ஆண்டு, அவள் பிளஸ் ஒன் படிக்கும்போது, சென்னையிலுள்ள அந்த நிறுவனத்துக்கு விண்ணப்பித்தோம்.

பள்ளியின் ஹைடெக் லேபில் உட்கார்ந்து இணையப் படிவத்தைத் திறந்தோம். "என்ன படிக்கிறீர்கள்" என்ற இடத்தில் பி.எஸ்சி., பி.இ., எம்.எஸ்சி., எம்.டெக். என்று பட்டியல் விழுந்தது. பள்ளி என்ற சொல்லே அதில் இல்லை. கல்லூரி அடையாள அட்டையைப் பதிவேற்றாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. சரி, மின்னஞ்சலில் எழுதுவோம் என்று நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து, ஹெச்.எம். கையெழுத்துப் போட்ட போனஃபைட் சான்றிதழையும் இணைத்து அனுப்பினோம். பதில் இல்லை. தொலைபேசியில் கூப்பிட்டேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "ஸ்கூல் பிள்ளைங்களை நாங்க எடுக்கிறதில்லை மேடம்" என்றார். நான் வைக்கப்போகும்போது, "நீங்க யார் மூலமா வர்றீங்க?" என்றும் கேட்டார்.

இந்த இரண்டு வாக்கியமும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை என்று அப்போதே தோன்றியது. பள்ளிப் பிள்ளைகளை எடுப்பதில்லை என்றால் யார் மூலமாக வந்தால் என்ன? ஜூன் மாதம் விடை தெரிந்தது. நகரத்துத் தனியார் பள்ளி ஒன்று தன் மாணவர்கள் இருவரின் படத்தைப் பெருமையோடு வெளியிட்டிருந்தது. அதே நிறுவனத்தின் பெயர்ப்பலகைக்கு முன்னால், வெள்ளைக் கோட்டு அணிந்து நிற்கிறார்கள். நான்கு வார இன்டர்ன்ஷிப் முடித்தார்களாம். மறுபடியும் கூப்பிட்டுக் கேட்டேன். "அது சயின்டிஸ்ட்கள் தனிப்பட்ட முறையில் ஏற்பாடு பண்றது. எங்க கணக்குல வராது" என்றார்கள்.

அந்த இரண்டு பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர்களும் ஆர்வமுள்ள பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள். அவர்களுக்குக் கிடைத்தது நல்லதுதான். என் கேள்வி அந்தக் கணக்கைப் பற்றியது. அறிவிப்பு இல்லை, விண்ணப்பம் இல்லை, பட்டியல் இல்லை. ஆனால் இடம் இருக்கிறது, கருவி இருக்கிறது, கடைசியில் சான்றிதழும் இருக்கிறது. பொதுப் பணத்தில் நடக்கும் நிறுவனத்தில் இப்படி ஒரு கணக்கில் வராத வாசல் எப்படி இருக்க முடியும்? இந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்தபோது, அந்த வாசலை மூடாமல் அதற்கு ஒரு விதி எண் கொடுத்திருப்பதைத்தான் கண்டேன்.

என் மாணவி இப்போது பிளஸ் டூ. பொதுத் தேர்வு, நுழைவுத் தேர்வு என்று அவளுடைய நாட்கள் போய்விட்டன. அவளுக்காக இதை எழுதவில்லை. அவளுக்குப் பின்னால் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

உங்களில் பலர் சொல்லக்கூடிய காரணங்கள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகள், ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்பது முதல் காரணம். நியாயமான கவலை. ஆசிரியையாக எனக்கும் அது தினமும் உண்டு. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-இல் வந்த திருத்தம் 14 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களை அபாயகரமான தொழில்களில் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. ஓர் ஆய்வகத்தில் கற்றுக்கொள்வதற்கு அது தடை இல்லை. எந்த அறைக்குள் போகலாம், எந்த அமிலத்தைத் தொடக் கூடாது, யார் உடன் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். நாங்கள் ஒரு வகுப்பு முழுவதற்கும் அடர் கந்தக அமிலத்தை வைத்துக்கொண்டு செய்முறைத் தேர்வு நடத்துகிறவர்கள். அத்துடன், தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை வரும்போது இந்தக் கவலை எங்கே போகிறது? அவர்களுக்கும் பதினாறு வயதுதான்.

பள்ளிப் பிள்ளைகளால் என்ன பிரயோஜனம், விஞ்ஞானிகளின் நேரம்தான் வீண் என்பது இரண்டாவது. இதற்கு உங்கள் துறையின் வரலாறே பதில் சொல்கிறது. 1907-இல் கணக்குத் துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்குப் போன சி.வி.ராமனுக்கு வயது 18. டிராமில் போகும்போது இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்து இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். அவர் அங்கே மாணவர் இல்லை, ஊழியர் இல்லை. கழகத்தின் செயலாளராக இருந்த அமிர்தலால் சர்க்கார் அவரை வரவேற்று ஆய்வகத்தைத் திறந்துவிட்டார். அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் ராமன் அங்கே வேலை செய்தார். 1928-இல் ராமன் விளைவு கண்டறியப்பட்டது அதே கழகத்தில்தான். அந்த நாளின் நினைவாக ஆண்டுதோறும் பிப்ரவரி 28 அன்று உங்களில் பலர் பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சுற்றிக்காட்டுகிறீர்கள். நாங்களும் வேன் பிடித்துக் கூட்டிவருகிறோம். கண்ணாடிக்கு வெளியே நின்று கருவியைப் பார்த்துவிட்டு, பிஸ்கட் பாக்கெட்டோடு திரும்பி வருகிறோம். அதுவும் வேண்டும், நன்றி. ஆனால் ஒரு பிள்ளைக்குள் அறிவியல் இறங்குவதற்கு ஒரு பகல் போதாது. தன் கையால் ஒன்றை அளந்து, அது தப்பாக வந்து, ஏன் தப்பு என்று யோசித்து, மறுநாள் மறுபடியும் அளக்க வேண்டும்.

ஆங்கிலம் தெரியாது என்பது மூன்றாவது. இதை யாரும் எழுத்தில் சொல்வதில்லை, பேச்சில் சொல்கிறார்கள். ஜெனீவாவில் உள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகம் 2017-இல் பள்ளி மாணவர்களுக்கு இரண்டு வார இன்டர்ன்ஷிப் தொடங்கியது. 16 முதல் 19 வயது வரை உள்ளவர்கள், ஒரு நாட்டுக்கு ஒரு குழுவாகப் போகிறார்கள். பெரும்பாலும் அந்தந்த நாட்டு மொழியிலேயே அங்குள்ள விஞ்ஞானிகள் வழிகாட்டுகிறார்கள். துகள் இயற்பியலை ஹங்கேரி மொழியில் சொல்லிக்கொடுக்க அங்கே முடிகிறது. சென்னையில், கோவையில் உள்ள ஆய்வகத்தில், தமிழ் தெரிந்த விஞ்ஞானிகள் நிறைந்த இடத்தில், தமிழ்வழிப் பிள்ளைக்குத் தமிழில் சொல்லிக்கொடுக்க முடியாதா? அமெரிக்காவில் நாசாவும் 16 வயது நிறைந்த பள்ளி மாணவர்களை இன்டர்ன்களாக எடுக்கிறது. அங்கே குடியுரிமை வேண்டும், குறைந்தபட்ச மதிப்பெண் வேண்டும். அந்த நிபந்தனைகள் எல்லோரும் படிக்கும்படி வெளிப்படையாக இருக்கின்றன.

வெளியூர் உதாரணம் எதற்கு, நம் இஸ்ரோவையே பாருங்கள். 2019-இல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் மூன்று பேர் என்று தொடங்கிய யுவிகா திட்டம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது. இரண்டு வாரம், தங்கிப் படிப்பது. 2023 அறிவிப்பில் மதிப்பெண் பகிர்வு வெளிப்படையாக இருந்தது: எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50 சதவீதம், இணைய வினாடி வினாவுக்கு 10, அறிவியல் கண்காட்சி, ஒலிம்பியாடு, விளையாட்டு, சாரணர் அல்லது என்.சி.சி. என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு, ஊராட்சிப் பகுதியில் உள்ள பள்ளியில் படிப்பவருக்கு 15 சதவீதம். பிள்ளைக்கும் கூட வரும் ஒருவருக்கும் பயணச் செலவை இஸ்ரோவே தருகிறது. தங்குமிடமும் சாப்பாடும் அவர்களுடையதுதான். எனக்கு இதிலும் குறை உண்டு. ஒலிம்பியாடு என்ற பெயரையே கேட்டிராத பள்ளிகள் எங்கள் பக்கம் ஏராளம், பாதி எடை எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்குப் போவதும் சரியில்லை. ஆனால் விதி என்ன என்று எனக்குத் தெரிகிறது. தேர்வாகாத பிள்ளையிடம் ஏன் தேர்வாகவில்லை என்று என்னால் உட்கார்ந்து சொல்ல முடிகிறது. ஊராட்சிப் பள்ளிக்கு 15 சதவீதம் என்று பார்த்தபோது எங்கள் பிள்ளைகள் முகத்தில் வந்த தைரியத்தை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை யாரோ நினைத்துப் பார்த்துத்தான் அந்த வரியை எழுதியிருக்கிறார்கள்.

ஒன்பதாம் வகுப்போடு அது முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் என்ன இருந்தது? பிளஸ் ஒன் பிள்ளைகளையும் அடிப்படை அறிவியல் பக்கம் இழுக்க 1999 முதல் கே.வி.பி.ஒய். உதவித்தொகைத் தேர்வு இருந்தது. அது ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் நடந்தது. 2021-இல் மொழிப் பிரச்சினை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போனது. 2022-இல் திட்டத்தையே மத்திய அரசின் இன்னோர் அறிவியல் உதவித்தொகைத் திட்டமான இன்ஸ்பயரோடு இணைத்துவிட்டார்கள். மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களைப் பள்ளிகளோடு இணைக்கும் ஜிக்யாசா திட்டம் 2017-இல் தொடங்கியபோது கேந்திரிய வித்யாலயாக்களோடுதான் ஒப்பந்தமானது. நம் மாநிலத்தில் பிளஸ் டூ தொழிற்கல்விப் பிரிவு பிள்ளைகளுக்கு உள்ளுறைப் பயிற்சி உண்டு. வேளாண் பிரிவில் படிக்கும் பிள்ளை பண்ணைக்குப் போய்வருகிறது, மிக நல்ல விஷயம். பக்கத்து வகுப்பில் இயற்பியலும் வேதியியலும் படிக்கும் பிள்ளைக்கு அப்படி ஒன்றும் இல்லை. இந்த இடைவெளியில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். பிளஸ் ஒன் பொதுத் தேர்வையும் 2025-26 முதல் மாநில அரசு எடுத்துவிட்டது. பிளஸ் ஒன் முடிக்கும் பிள்ளைக்கு ஏப்ரல், மே மாதங்களில் மனசு கொஞ்சம் லேசாக இருக்கிற காலம் இது.

இடைவெளி இருக்கும் இடத்தில் வியாபாரிகள் வந்துவிட்டார்கள். "பள்ளி மாணவர்களுக்கு ஏ.ஐ. இன்டர்ன்ஷிப், இரண்டு வாரம், சான்றிதழ் நிச்சயம்" என்று வாட்ஸப்பில் ஒவ்வொரு கோடையிலும் வருகிறது. சில ஆயிரம் ரூபாய் கட்டினால் வீடியோ சில அனுப்புவார்கள், பிறகு பொன்னிறக் கரை போட்ட ஒரு சான்றிதழ். எங்கள் பள்ளியில் ஒரு பையனுக்கு அவனுடைய அம்மா மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் எடுத்துக் கட்டியிருக்கிறார். அந்த அம்மா சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்து எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. அப்துல் கலாம் சென்னை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் சேர அவருடைய அக்கா ஜொஹரா நகையை அடகு வைத்தது எங்கள் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அந்தப் பணத்துக்கு ஒரு கல்வி கிடைத்தது. நீங்கள் கட்டணமில்லாத, உண்மையான ஓர் இடத்தைக் கொடுத்தால் இந்தப் போலிக் கடைகளில் பாதி தானாகவே காணாமல் போகும். நீங்களே கட்டணம் வாங்க ஆரம்பித்தால், எது உண்மை எது போலி என்று அந்த அம்மாவுக்கு நான் எப்படி விளக்குவேன்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த நிறுவனங்கள் யாருடையவை? காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் வருவதற்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் நிறுவனம் திறக்கப்பட்டது. வறண்ட சீமையில் ஒரு பெரிய ஆய்வகம் வேண்டும் என்று ஒருவர் தன் சொத்தைக் கொடுத்தார். இப்படிக் கொடுத்த நிலத்திலும், தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் ஏழைகள் கட்டும் வரியிலும்தான் நம் பொது ஆய்வகங்கள் நிற்கின்றன. உப்பளத் தொழிலாளியின் மகள் அங்கே நான்கு வாரம் உட்கார்ந்து தன் ஊர்த் தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பது அவளுடைய உரிமை என்று நான் நம்புகிறேன்.

வாசல் திறந்தால் எங்கள் பிள்ளைகள் நுழைவார்களா, நுழைந்தாலும் நிற்பார்களா என்று கேட்கலாம். 2020-இல் மருத்துவப் படிப்பிலும் 2021-இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தபோதும் இதே கேள்வியைக் கேட்டார்கள். இன்று அரசு மருத்துவக் கல்லூரி எதற்காவது போய் அந்தப் பிள்ளைகளைப் பாருங்கள்.

இனி என் கோரிக்கைகள்.

விஞ்ஞானியின் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்ற நிபந்தனையை அந்த நிறுவனம் இந்த ஆண்டே நீக்க வேண்டும். மற்ற நிறுவனங்கள் அப்படி ஒன்றை ஒருபோதும் கொண்டுவர மாட்டோம் என்று அறிவிக்க வேண்டும். விஞ்ஞானிகள் "தனிப்பட்ட முறையில்" பள்ளிப் பிள்ளைகளை எடுப்பதாக இருந்தால் அதுவும் அதே அறிவிப்பு, அதே படிவம், அதே பட்டியல் வழியாகத்தான் நடக்க வேண்டும்.

ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு எத்தனை பள்ளி மாணவர்களை எடுக்கும் என்று எண்ணிக்கையைச் சொல்லுங்கள். ஐந்து பேர் என்றாலும் சரி, சொல்லுங்கள். அதில் குறைந்தது பாதி அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இருக்க வேண்டும். ஊராட்சிப் பகுதிப் பள்ளிகளுக்கு யுவிகா போலத் தனி எடை வேண்டும். தேர்வானவர்கள் எந்த வகைப் பள்ளியிலிருந்து, எந்த மாவட்டத்திலிருந்து வந்தார்கள் என்பதைப் பிள்ளைகளின் பெயர் போடாமல் ஆண்டுதோறும் வெளியிடுங்கள். அந்தப் பட்டியலைப் பார்த்தாலே யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அறிவிப்பு ஜனவரி மாதத்துக்குள் வர வேண்டும், தமிழிலும் வர வேண்டும். உங்கள் இணையதளத்தின் மூலையில் போட்டால் எங்களுக்குத் தெரியாது. முதன்மைக் கல்வி அலுவலர்கள் வழியாக ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளிக்கும் சுற்றறிக்கையாக அனுப்புங்கள். பள்ளிக் கல்வித் துறை அதற்கு ஒத்துழைக்க வேண்டும் என்று அவர்களையும் இந்த மடல் வழியாகவே கேட்டுக்கொள்கிறேன்.

தேர்வு முறையை எளிமையாக்குங்கள். ஆங்கிலத்தில் நோக்க அறிக்கை, ரெஸ்யூமே, மூன்று சான்றுகள் என்று கேட்காதீர்கள். பதினாறு வயதில் என்ன ரெஸ்யூமே இருக்கும்? "உன் ஊரில் நீ கவனித்த ஒன்றைப் பற்றி, அதை எப்படி அளப்பாய் என்று ஒரு பக்கம் எழுது" என்று கேளுங்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ, கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பலாம் என்று சொல்லுங்கள். பிறகு பத்து நிமிடம் தொலைபேசியில் பேசுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் உங்களுக்குத் தெரிந்துவிடும். படிவத்தில் "பதினோராம் வகுப்பு", "பன்னிரண்டாம் வகுப்பு" என்று இரண்டு வரி சேர்ப்பதும், கல்லூரி அடையாள அட்டைக்குப் பதில் பள்ளிச் சான்றிதழை ஏற்பதும் உங்கள் கணினிப் பிரிவுக்கு ஒரு மணி நேர வேலை.

கட்டணம் வேண்டாம். பயணச் செலவு, தங்குமிடம், சாப்பாடு மூன்றையும் நிறுவனம் ஏற்க வேண்டும். ராமநாதபுரத்திலிருந்து இரவு ரயிலேறி வரும் பெண் சென்னையில் எங்கே தங்குவாள் என்ற ஒரு கேள்வியிலேயே எங்கள் வீடுகளில் பேச்சு நின்றுவிடும். மே மாதத்தில் உங்கள் மாணவியர் விடுதிகளில் அறைகள் காலியாக இருக்கும். அதில் சில அறைகளும், பெண் காப்பாளர் ஒருவரும் போதும்.

பாதுகாப்பு விதிகளை எழுதி வெளியிடுங்கள். பிள்ளை எந்த நேரத்திலும் ஒரே ஒரு பெரியவரோடு தனியாக அறையில் இருக்கக் கூடாது. அபாயமான கருவிகள், வேதிப்பொருட்கள் இருக்கும் ஆய்வகங்கள் எவை என்று முன்கூட்டியே சொல்லப்பட வேண்டும். புகார் சொல்ல வேண்டிய அலுவலரின் பெயரும் எண்ணும் பெற்றோர் கையில் இருக்க வேண்டும். இதில் பள்ளி செய்ய வேண்டியது எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள், செய்கிறோம். ஆசிரியர் ஒருவர் உடன் வந்து முதல் இரண்டு நாள் இருக்க வேண்டும் என்றால் வருகிறோம். அதற்குப் பணி விடுப்பில்லாமல் மாற்றுப் பணியாக அனுமதி தர வேண்டியது பள்ளிக் கல்வித் துறை.

வர முடியாத பிள்ளைகளும் இருப்பார்கள். வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள், கோடையில் வேலைக்குப் போயே ஆக வேண்டியவர்கள். அவர்களுக்காக, பள்ளிகள் அனுப்பும் நீர், மண் மாதிரிகளை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகச் சோதித்து, முடிவை அந்தப் பிள்ளையிடம் தொலைபேசியில் விளக்கிச் சொல்லும் ஏற்பாட்டை ஒவ்வொரு நிறுவனமும் செய்ய வேண்டும்.

இந்த மடலுக்கு ஒவ்வொரு நிறுவனத்திடமிருந்தும் எழுத்து மூலம் பதிலை எதிர்பார்க்கிறேன். முடியாது என்றால் எந்தக் கோரிக்கை, என்ன காரணத்தால் முடியாது என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். அடுத்த கல்வியாண்டில் பள்ளி திறக்கும்போது அந்தப் பதில்களைப் பிளஸ் ஒன் வகுப்பில் படித்துக்காட்டப் போகிறேன்.

இப்படிக்கு,
வேதியியல் முதுகலை ஆசிரியை,
அரசு மேல்நிலைப் பள்ளி,
ராமநாதபுரம் மாவட்டம்